இரண்டு பொட்டலத்திலும் சிவப்புப் பூ

என் மகள் படிக்கப் போகக் கூடாது என்று நான் எங்கள் கோயில் ஆத்தாளையே ஏமாற்றினேன். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன்.

போன ஆடி மாதம் நடந்தது. மூன்றாம் வெள்ளியிலிருந்து நான்காம் வெள்ளி வரை எட்டு நாள். அந்த எட்டு நாளில் என்ன சாப்பிட்டேன், எப்படித் தூங்கினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பேருந்தில் வேலைக்குப் போனதும் வந்ததும் மட்டும் ஞாபகம் இருக்கிறது. காரணம் பின்னால் வரும்.

என் பெயர் ராசு. மேலூர் பக்கம் சின்ன ஊர். பத்தாவது வரை படித்தேன். இருபத்தேழு வருடமாக மதுரை சிம்மக்கல்லில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் வேலை. சுக்கு, திப்பிலி, அதிமதுரம், கடுக்காய் என்று கேட்கிறதை நிறுத்து, தாளில் மடித்து, நூல் சுற்றிக் கொடுப்பேன். என் பொட்டலம் கீழே விழுந்தாலும் பிரியாது. எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். பேச்சு வராது. நாலு பேர் நிற்கிற இடத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். "ராசு மடிச்ச பொட்டலம் பேசும், ராசு பேச மாட்டான்" என்று முதலாளி வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

எங்கள் கோயிலில் வெள்ளிக்கிழமை விளக்குப் பூசைக்கு வருகிறவர்கள், நடந்ததை எல்லோருக்கும் சொல்லு என்று கேட்டார்கள். நின்று பேச முடியாது, எழுதித் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டேன்.

பவித்ரா எங்களுக்கு ஒரே மகள். பிளஸ் டூ முடித்து, நுழைவுத் தேர்வு எழுதி, ஆந்திராவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கினாள். ஐந்து வருடப் படிப்பு. இங்கிருந்து ரயிலில் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் போக வேண்டும். செல்போனில் அந்தச் செய்தி வந்தபோது அவள் துள்ளிக் குதிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்குக் கேள்விகள்தான். "அங்க தமிழ் பேச ஆள் இருக்குமாப்பா? கிளாஸ் பூரா இங்கிலீஷ்லயே நடத்துவாங்களாம். எனக்குப் புரியலைன்னா யாருகிட்டக் கேக்குறது? ரூம்ல என்னைய யாரு கூடப் போடுவாங்க? காய்ச்சல் வந்தா?"

என் மனைவி பஞ்சவர்ணம் வெங்காயம் உரித்துக்கொண்டே, "இம்புட்டுக் கேள்வியையும் பரீட்சையில கேட்டிருந்தா நீ இன்னும் மார்க்கு வாங்கிருப்படி" என்றாள்.

பவித்ரா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கப்பா. போகவா, வேண்டாமா?"

வருகிற சனிக்கிழமை விட்டு அடுத்த சனிக்கிழமைக்குள் அந்த இடம் வேண்டும் என்று செல்போனிலேயே சம்மதம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வேறு ஒருவருக்குப் போய்விடும். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

எனக்கு ஓர் அண்ணன் இருந்தான். இருந்தான் என்று எழுதுவதா, இருக்கிறான் என்று எழுதுவதா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

சேகர் அண்ணன்தான் எங்கள் தெருவில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போய் எங்களை வளர்த்தார்கள். அண்ணனுக்குச் சென்னையில் இடம் கிடைத்தபோது தெருவே வந்து வழியனுப்பியது. தீபாவளிக்கு வந்தவன் நாலு நாளும் பேசவில்லை. தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பான். அம்மா கேட்டதற்கு, படிப்பு கஷ்டமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னான். எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும் என்று அப்பா சொன்னார்.

அவன் திரும்பிப் போகிற அன்று நான்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலூர் பேருந்து நிலையத்துக்குப் போனேன். எனக்குப் பதினாலு வயது. சென்னை வண்டி கூட்டமாக வந்தது. அண்ணன் எப்படியோ ஏறி ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். நான் ஜன்னலுக்குக் கீழே நின்றேன். வண்டி கிளம்புகிற நேரம் அவன் குனிந்து, மெதுவாக, "தம்பி, என்னைய இறக்கிவிடச் சொல்லுடா" என்றான்.

எனக்கு நன்றாகக் கேட்டது. கண்டக்டர் படியில்தான் நின்றார். ஒரு சத்தம் போட்டால் போதும். ஆனால் பேருந்து நிலையம் முழுக்க ஆட்கள். அத்தனை பேருக்கு முன்னால் எனக்கு வாய் திறக்கவில்லை. கேட்காதவன் போலக் கையை ஆட்டினேன். வண்டி நகர்ந்தது. அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டு போனான்.

அவன் கல்லூரிக்குப் போய்ச் சேரவில்லை. பதினைந்து நாள் கழித்து அங்கிருந்து கடிதம் வந்த பிறகுதான் எங்களுக்கே தெரியும். அப்பா சென்னைக்கு மூன்று தடவை போனார். போலீசில் எழுதிக் கொடுத்தார். வழியில் எந்த ஊரில் இறங்கினான் என்றுகூடத் தெரியவில்லை. அண்ணன் திரும்பி வரவே இல்லை.

அம்மா சாகிற வரைக்கும் என்னிடம் ஒரே கேள்விதான். "போகையில உங்கிட்ட என்னடா சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலம்மா" என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொன்னேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அப்பாவிடம் சொல்லவில்லை. கல்யாணமான பிறகு பஞ்சவர்ணத்திடமும் சொல்லவில்லை.

இப்போது என் மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பப் போகிறாள்.

நான் பதில் சொல்லாததால் பஞ்சவர்ணம்தான் பூக்கட்டிப் பார்க்கலாம் என்றாள். எங்கள் மந்தை அம்மன் கோயிலில் இப்படித்தான் செய்வார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து ஆத்தாளின் காலடியில் போட வேண்டும். கேட்கிறவர் கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் ஆத்தா சம்மதித்துவிட்டாள். சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. அதைக் கண்மாய்த் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். பெண் பார்க்கிறது, கிணறு வெட்டுகிறது எல்லாம் எங்கள் ஊரில் இப்படிக் கேட்டுத்தான் நடக்கும். ஆத்தா சொன்ன வாக்கை யாரும் தாண்டியதில்லை.

பவித்ராவும் உடனே சரி என்றாள். அவள் முகம் தெளிந்துவிட்டது. யாராவது சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தாள்.

ஆடி மூன்றாம் வெள்ளி. பூசாரி எனக்குப் பெரியப்பா மகன், பெரியகருப்பன் அண்ணன். அவர் ஒரு தட்டில் கொஞ்சம் வெள்ளை நந்தியாவட்டையும் கொஞ்சம் செவ்வரளியும் வைத்து, "யாரு மடிக்கிறது?" என்று கேட்டார். பஞ்சவர்ணம் சிரித்துக்கொண்டு, "இந்த ஊர்ல பொட்டலம் மடிக்க இவுகள விட்டா ஆளு யாரு?" என்றாள்.

நான் தட்டை வாங்கிக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். முதல் பொட்டலத்தில் செவ்வரளியை வைத்து மடித்தேன். அடுத்தது வெள்ளைப் பூ. அதைக் கையில் எடுத்தேன். அப்போது அண்ணனின் முகம் வந்தது. ஜன்னல், கம்பி, கம்பிக்குப் பின்னால் அந்த முகம். வெள்ளைப் பூ என் மடியில் விழுந்தது. கை தானாகப் போய் இன்னொரு சிவப்பு அரளியை எடுத்தது. தானாக என்று எழுதுகிறேன். அப்படி இல்லை. என் கைதான், நான்தான்.

பவித்ரா கண்ணை மூடிக் கும்பிட்டு ஒன்றை எடுத்தாள். பூசாரி பிரித்தார். சிவப்பு.

அவள் அழவில்லை. "சரி பெரியப்பா" என்றாள். ஆத்தாளை விழுந்து கும்பிட்டாள். அவள் நெற்றி தரையில் பட்டது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மத்ததைக் கண்மாயில விட்டுரு ராசு" என்று பூசாரி இரண்டாவது பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். கண்மாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வெடித்துக் கிடந்தது. தரையில் போட்டால் யாராவது எடுத்துப் பிரித்துவிடுவார்கள் என்று பயம். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்தப் பொட்டலம் எட்டு நாளும் என் சட்டைப் பையில்தான் இருந்தது. சட்டையை மாற்றினால் அதையும் எடுத்து மாற்றிக்கொள்வேன். வைகைப் பாலத்தில் போகும்போது தூக்கி எறியலாம் என்று நினைப்பேன். பேருந்து பாலத்தைத் தாண்டிப் போய்விடும். கடையில் குனிந்து நிறுக்கும்போது அது நெஞ்சில் குத்தும். ஒரு பூவின் கனம்தான். இருந்தாலும் குத்தியது. முதலாளிகூட, "என்ன ராசு, பையில எலி வச்சிருக்கியா? அடிக்கடி தொட்டுத் தொட்டுப் பாக்குற" என்றார்.

போன உயிர் வந்தது போல நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். மகள் வீட்டிலேயே இருக்கப் போகிறாள். மதுரையில் ஒரு கல்லூரியில் சேரலாம். தினமும் வந்துவிடுவாள். ஆனால் வேறு ஒன்று வந்தது. பேருந்தில் ஏறினால் அண்ணனின் குரல் கேட்கத் தொடங்கியது. சத்தமாக இல்லை. பக்கத்து இருக்கையிலிருந்து ஒருவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. "இறக்கிவிடச் சொல்லுடா." திரும்பிப் பார்த்தால் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் நிற்கிற வண்டிகளின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். முப்பத்தைந்து வருடமாகப் பார்க்கிறேன். அந்த எட்டு நாள் மட்டும், ஜன்னலில் இருக்கிறவர்கள் எல்லோரும் என்னைப் பார்ப்பது போல இருந்தது.

வீட்டில் பவித்ரா அமைதியாக இருந்தாள். உள்ளூர்க் கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதினாள். கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். ஒருநாள் அந்தக் கையைப் பார்த்துவிட்டு நான் எழுந்து போய்விட்டேன். அதே மாதிரி. விரல் மட்டும் அசையும், வாய்க்குப் போகாது.

போகவிட்டால் அண்ணனைப் போல ஆகிவிடுவாள் என்று பயந்தேன். போகவிடாமல் வைத்தும் அண்ணன்தான் வீட்டில் உட்கார்ந்திருந்தான்.

வியாழக்கிழமை கடைக்குப் போகிற வழியில் கோயில் முன்னால் நின்றேன். உள்ளே போக எனக்குக் கால் வரவில்லை. என்ன முகத்தோடு போவது. வெளியே வேப்பமரத்தடியிலேயே நின்று, கண்ணைத் திறந்துகொண்டே கும்பிட்டேன். நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. மகளைக் காப்பாற்று என்றுகூடக் கேட்கவில்லை. "தாயே, அன்னைக்கு எனக்கு வாய் வரலை. இன்னைக்கும் வரலை. எனக்கு வாயைக் குடு" என்று மட்டும் கேட்டேன். நான் கேட்டது அவ்வளவுதான். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பேருந்து வந்ததும் ஏறிவிட்டேன்.

மறுநாள் ஆடி நான்காம் வெள்ளி. சனிக்கிழமையோடு கெடு முடிகிறது. முதலாளியிடம் கேட்டுக்கொண்டு சீக்கிரமே கிளம்பினேன். மாட்டுத்தாவணியில் மேலூர் வண்டி ஏறினேன். நல்ல வெயில். கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பக்கத்து ஜன்னல் இருக்கையில் ஒருவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நரைத்த தாடி, மடியில் ஒரு பை. அண்ணன் இருந்தால் அந்த வயதுதான்.

வண்டி ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது. அப்போது அவர் என்னைப் பார்க்காமல், மெதுவாக, "தம்பி, இறக்கிவிடச் சொல்லுங்க" என்றார்.

சுற்றிலும் பார்த்தேன். வேறு யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. கண்டக்டர் பின்னால் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தார். வண்டி வேகம் எடுத்தது. எத்தனை பேர் என்னைச் சுற்றி நிற்கிறார்கள் என்று ஒரு நொடி நினைத்தேன். பிறகு ஒரு குரல் கேட்டது.

"வண்டிய நிறுத்துங்க. ஆளு இறங்கணும்."

கத்தியது நான்தான். பேருந்து முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டிரைவர் சடாரென்று பிரேக் பிடிக்க, எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். கண்டக்டர் சின்னப் பையன் போல இருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "அண்ணே, விசில் எங்கிட்டதான இருக்கு. நீங்க இந்தக் கத்து கத்துனா டிரைவருக்கு நெஞ்சு வலி வந்துரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை. அதுவே எனக்கு ஆச்சரியம்.

அந்த மனிதர் எழுந்து, எல்லோரையும் தாண்டி இறங்கினார். அந்த இடத்தில் வீடு கிடையாது. ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் கருவேலங்காடு. கீழே நின்று என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கையை ஆட்டினார். வண்டி நகர்ந்தது.

அது என் அண்ணன் இல்லை. நான் நன்றாகப் பார்த்தேன். மூக்கு வேறு. அண்ணனுக்கு இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு, இவருக்கு இல்லை. யாரோ ஒரு வழிப்போக்கர், நிறுத்தத்தைத் தவற விட்டவர். அப்படித்தான் இருக்கும். யார் என்று நான் எதுவும் சொல்லவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். வேப்பமரத்தடியில் வாயைக் கேட்டேன். மறுநாள் வாய் வந்தது. எந்த வார்த்தைக்கு வராமல் போனதோ, அதே வார்த்தைக்கு வந்தது.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பொட்டலத்தை எடுத்து பவித்ராவின் முன்னால் வைத்தேன். "பிரி" என்றேன்.

அவளுக்கு என்னவென்று தெரியவில்லை. நூலைப் பிரித்தாள். தாளை விரித்தாள். செவ்வரளி காய்ந்து கறுத்துக் கிடந்தது. ஓரத்தில் மட்டும் சிவப்பு.

பஞ்சவர்ணத்துக்கு முதலில் புரிந்தது. அரிந்துகொண்டிருந்த வெண்டைக்காயைக் கீழே வைத்தாள். "அடப்பாவி மனுசா" என்றாள்.

நான் நின்றபடியே சொன்னேன். தூணுக்குப் பின்னால் செய்ததைச் சொன்னேன். பிறகு மேலூர் பேருந்து நிலையத்தைச் சொன்னேன். ஜன்னலைச் சொன்னேன். அண்ணன் சொன்னதை அதே வார்த்தையில் சொன்னேன். முப்பத்தைந்து வருடத்தில் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வெளியே வந்தது அன்றுதான். சொல்லி முடித்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பவித்ரா பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப ஆத்தா எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலையாப்பா?"

"இல்லம்மா. ஆத்தா சொல்லல. நான்தான்."

"எட்டு நாளா அழுதேன்பா. நீங்க யாரும் பாக்காதப்ப அழுதேன். ஆத்தாளுக்கு எம்மேல என்ன கோவம், நான் என்ன தப்புப் பண்ணேன்னு அழுதேன்."

அந்த எட்டு நாளை நான் அவளுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. அவள் எழுந்து உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். "கோயிலுக்குப் போவோம். பெரியப்பாகிட்டச் சொல்லுங்க" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்தது. அது எனக்கு நல்லதாகத்தான் பட்டது. எட்டு நாளாக அவளிடம் கோபம்கூட இல்லை.

ஆடி வெள்ளி என்பதால் கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஊரே வரிசையில் நின்றது. பூசாரியைத் தனியாகக் கூப்பிடலாமா என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். குரல் நடுங்கியது. ஆனால் நிற்கவில்லை.

பெரியகருப்பன் அண்ணன் கூழ் வாளியைக் கீழே வைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "கடையில மடிக்கிற வித்தைய ஆத்தாகிட்டயே காட்டிட்டியேடா" என்றார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "ஒம்போது வெள்ளிக்கிழமை வந்து கோயிலைக் கூட்டிப் பெருக்கு. அதுதான் உனக்கு."

பிறகு புதிதாக ஒரு வெள்ளைப் பூவும் ஒரு சிவப்புப் பூவும் எடுத்து வந்து, "இப்ப மடி. தூணு மறைவுல இல்ல, இங்கன என் முன்னாடி உக்காந்து மடி" என்றார்.

நான் கையை நீட்டினேன். பவித்ரா தடுத்தாள். "வேண்டாம் பெரியப்பா."

"ஏன் தாயி, பயமா இருக்கா?"

"பயமாத்தான் இருக்கு. ஆனா இப்பச் சிவப்பு வந்தா, நான் போகாம இருப்பேனான்னு எனக்கே தெரியல. அப்பறம் எதுக்குக் கேக்கணும்?"

அவர் கையில் இருந்த இரண்டு பூக்களையும் ஆத்தாளின் காலடியில் வைத்து எடுத்து, இரண்டையும் சேர்த்து அவள் கையில் கொடுத்தார். "கேட்டுட்டுப் போறவளுக்கும் அவதான் துணை. கேக்காமப் போறவளுக்கும் அவதான் துணை. போயிட்டு வா" என்றார்.

திரும்பி நடந்து வரும்போது பவித்ரா என்னிடம் ஒன்று கேட்டாள். "அப்பா, நான் அங்கிருந்து முடியலன்னு சொன்னா என்ன செய்வீங்க?"

"வந்து கூட்டிட்டு வருவேன்."

"படிப்பு என்னாகும், ஊர் என்ன சொல்லும்னெல்லாம் கேக்க மாட்டீங்களா?"

"ஒண்ணும் கேக்க மாட்டேன். வண்டி ஏறி வந்துருவேன்."

அவள் அன்று ராத்திரி தட்டில் இருந்த சோற்றைச் சாப்பிட்டாள். மறுநாள் காலையில் செல்போனில் சம்மதம் கொடுத்தாள். கொடுத்துவிட்டு மறுபடியும் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டாள். அங்கே குளிருமா, வாளி வாங்கிக்கொண்டு போக வேண்டுமா, தெலுங்கு கற்றுக்கொள்ள எத்தனை நாள் ஆகும். பஞ்சவர்ணம் என்னைப் பார்த்து, "உங்களுக்கு வாய் வந்ததுதான் வந்துச்சு, நீங்களே பதில் சொல்லுங்க" என்றாள்.

ஆவணியில் கிளம்பினாள். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவரின் மகளும் அதே பக்கம் படிக்கப் போவதால் அந்த டீச்சர் துணைக்குப் போனார். மதுரை ஜங்ஷனில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். நான் பிளாட்பாரத்தில், ஜன்னலுக்குக் கீழே நின்றேன். ரயில் நகர ஆரம்பித்தபோது அவள் குனிந்து, கம்பி வழியாக ஏதோ சொன்னாள். சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

நான் கையை ஆட்டவில்லை. ஓடினேன். பிளாட்பாரத்தில் இருந்தவர்களை இடித்துக்கொண்டு ஓடினேன். "என்னம்மா சொன்ன? சத்தமா சொல்லு" என்று கத்தினேன்.

"சட்டைப் பை கிழிஞ்சு தொங்குதுப்பா. தச்சுப் போடுங்க" என்று கத்தினாள்.

பொட்டலம் அதிக நாள் இருந்த பைதான். தொட்டுத் தொட்டுக் கிழிந்திருக்கிறது. நான் நின்றுவிட்டேன். ரயில் போனது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. பக்கத்தில் இருந்த போர்ட்டர், "புள்ள படிக்கப் போகுதா அண்ணே?" என்று கேட்டார். "ஆமா, படிக்கப் போகுது" என்றேன். அறிமுகம் இல்லாத ஒருவரிடம் அவ்வளவு பேசினேன்.

அவள் போய் மூன்றாவது வாரம் ஒரு மதியம் கடைக்குப் போன் வந்தது. அழுதாள். பாடம் புரியவில்லை, கேட்கக் கூச்சமாக இருக்கிறது, எல்லோரும் இங்கிலீஷில் பேசுகிறார்கள். "வந்துரவாப்பா?" என்றாள். என் மகள் அல்லவா, அவளுக்கும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

சொன்ன சொல் இருக்கிறதே. "வா. இல்ல, நான் இன்னைக்கே கிளம்பி வாரேன். நீ அங்கயே இரு" என்றேன். முதலாளியைப் பார்த்தேன். அவர் போ என்று தலையை ஆட்டிவிட்டார்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள். "வேண்டாம்பா. வருவீங்களான்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன். இந்த வாரம் பாக்குறேன்" என்றாள். அந்த வாரம் போனது. இன்னொரு வாரமும் போனது. இப்போது பொங்கலுக்கு வரும்போது கூட ஒரு சிநேகிதியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்கிறாள். அந்தப் பெண்ணுக்கு மதுரை மல்லிகைப் பூ வேண்டுமாம்.

அண்ணனுக்கும் இது ஒன்றுதான் தேவைப்பட்டிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அவனே எழுந்து இறங்கியிருக்கலாம். அவனால் முடியவில்லை. இறங்கினாலும் பரவாயில்லை என்று வேறு ஒரு ஆள் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஆளாக நான் கீழே நின்றேன்.

என்னைப் போன்றவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். வெளியூர் போகிற பிள்ளையை நினைத்துப் பயப்படுகிறவர்கள், பழையது ஒன்றை யாரிடமும் சொல்லாமல் பையில் வைத்துக்கொண்டு அலைகிறவர்கள். உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஆத்தாளிடம் பிள்ளையைக் காப்பாற்று என்று கேட்பதற்கு முன்னால், உங்களிடம் எது இல்லையோ அதைக் கேளுங்கள். எனக்கு இல்லாதது வாய். அதைக் கேட்டேன், கொடுத்தாள். ஏமாற்றியவனுக்கே கொடுத்தாள். உங்களுக்குக் கொடுக்க மாட்டாளா? கேட்டுவிட்டு, பிள்ளையின் முகத்தைப் பார்த்து, முடியாவிட்டால் வந்துவிடு என்று சொல்லுங்கள். சொன்ன பிறகு அனுப்புங்கள்.

ஒன்பது வெள்ளி முடிந்துவிட்டது. இன்னும் கோயிலைப் பெருக்கிக்கொண்டுதான் இருக்கிறேன். பூசாரி போதும் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெருக்கும்போது அண்ணனுக்காக ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு வழியில் எங்கோ ஓர் ஊரில், கூட்டத்தில் யாராவது ஒருவர் அவனுக்காகச் சத்தம் போட்டு வண்டியை நிறுத்தியிருக்க வேண்டும் என்று கேட்கிறேன். அதற்கு ஆத்தா இன்னும் பதில் சொல்லவில்லை.

பேருந்தில் இப்போதும் முகங்களைப் பார்க்கிறேன். அது நிற்கவில்லை, நிற்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் யாராவது மெதுவாக, இறங்கணும் என்று சொன்னால், கண்டக்டருக்கு முன்னால் நான் சத்தம் போட்டுவிடுகிறேன். மேலூர் வண்டிக் கண்டக்டர்களுக்குப் பழகிவிட்டது.